மொட்டை மாடியில் நிழல் எங்கே விழும்? கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு பழையது. மழை பெய்தால் மேல் மாடியில் ஒழுகும். பைப்புகள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. சென்னையில் இப்படிப்பட்ட கட்டடங்களை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. நாங்களும் அந்த முடிவுக்கு வந்தோம். கீழே கார் நிறுத்த இடம், அதற்கு மேல் நான்கு மாடி, மொத்தம் 16 வீடுகள், ஒரு லிப்ட். பில்டர் வரைபடத்தை பி.டி.எப். பைலாக அனுப்பினார். சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருப்பதால் அதைத் திறந்து பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

கடைசிப் பக்கம் மொட்டை மாடி. தென்மேற்கு மூலையில் படிக்கட்டு ஹெட்ரூம், பக்கத்திலேயே லிப்ட் மெஷின் ரூம், அதன் தலையில் தண்ணீர் டேங்க். வாஸ்துப்படி டேங்க் தென்மேற்கில்தான் இருக்க வேண்டும் என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. அதை ஒட்டி வடகிழக்குப் பக்கமாக ஒரு சின்னக் கட்டம். உள்ளே 'சோலார்' என்று எழுதியிருந்தது. தென்கிழக்கில் இன்னொரு கட்டம், துணி காயவைக்க.

அந்த சோலார் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் பக்கத்திலேயே நிற்கிறதே, நிழல் விழாதா? பில்டரின் இன்ஜினியரிடம் கேட்டேன். "அதெல்லாம் வராது சார், மெட்ராஸ் வெயிலுக்கு என்ன குறைச்சல்" என்றார். வெயிலுக்குக் குறைச்சல் இல்லைதான். ஆனால் நிழலுக்கும் குறைச்சல் இல்லை என்பதைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தேன். எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். உங்கள் குடியிருப்பு இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது என்றால் இதை உடனே செய்து பாருங்கள்.

எத்தனை பேனல் வேண்டும்?

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் எல்லாம் சேர்த்து மாதம் 900 யூனிட் ஆகும் என்று மதிப்பிட்டோம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணப் பிரிவு வந்தது. அப்போது யூனிட்டுக்கு 8 ரூபாய், பிறகு இன்னும் ஏறியது. 2023ல் பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். எங்களுக்கு லிப்ட் வருகிறது, அதனால் அந்தச் சலுகை கிடையாது. 8 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு மாத பில் 14,400 ரூபாய். இதை 16 வீடும் பங்கு போட வேண்டும்.

சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். எங்களுக்கு ஒரு நாளைக்கு 30 யூனிட் தேவை. 30ஐ 4ஆல் வகுத்தால் 7.5 கிலோவாட். 540 வாட் பேனல் 14 போட்டால் 7.56 கிலோவாட் ஆகிவிடும். இந்த அளவுள்ள பேனல் ஒன்று ஏறக்குறைய 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ எடை இருக்கும். வரிசைக்கு ஏழு என்று இரண்டு வரிசையாக வைத்தால் 8 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் போதும். எங்கள் மாடி 18 மீட்டருக்கு 21 மீட்டர். இடத்துக்குப் பஞ்சமே இல்லை. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

நிழல் ஏன் இவ்வளவு முக்கியம்?

கோயில் திருவிழாவில் சீரியல் லைட் பார்த்திருப்பீர்கள். ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். சோலார் பேனலுக்குள் இருக்கும் செல்களும் இப்படித்தான் சீரியலாக இணைக்கப்பட்டுள்ளன. ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அதன் வழியாகப் போகும் கரண்ட் குறைகிறது. கூட இருக்கும் நல்ல செல்களும் அந்த அளவுக்குத்தான் வேலை செய்ய முடியும். மொத்தமும் படுத்துவிடாமல் இருக்க ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் வைக்கிறார்கள். நிழல் பட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு கரண்ட் சுற்றிப் போகும். ஆனால் உள்ளங்கை அளவு நிழலுக்குப் பேனலில் மூன்றில் ஒரு பங்கை இழக்க வேண்டி வரலாம். ஒரு கொடிக்கயிற்றில் தொங்கும் ஈர வேட்டி போதும்.

எக்ஸெல்லில் ஒரு சின்னக் கணக்கு

நிழலின் நீளத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய சாப்ட்வேர் தேவையில்லை. சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். சுவரின் உயரத்தை அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் நிழலின் நீளம் வந்துவிடும்.

இதில் நான் முதலில் ஏமாந்தேன். டிசம்பர் 21 நடுப்பகலில் சென்னையில் சூரியனின் உயரம் 53.5 டிகிரி. எக்ஸெல்லில் 5 மீட்டரை டேன் பங்ஷனில் 53.5 போட்டு வகுத்தேன். நிழல் 54 மீட்டர் என்று விடை வந்தது! நடுப்பகலில் நிழல் எதிர்வீட்டைத் தாண்டிப் போகுமா? பிறகுதான் நினைவுக்கு வந்தது, எக்ஸெல் கோணங்களை டிகிரியில் எடுத்துக்கொள்ளாது. டேன் பங்ஷனுக்குள் ரேடியன்ஸ் என்ற பங்ஷனைப் போட்டு, அதற்குள் 53.5 கொடுக்க வேண்டும். இப்போது சரியான விடை வந்தது: 3.7 மீட்டர்.

அதே டிசம்பர் 21 பிற்பகல் 3 மணிக்குச் சூரியன் 33 டிகிரிக்கு இறங்கிவிடும். நிழல் 7.75 மீட்டர். 4 மணிக்கு 21 டிகிரி, நிழல் 13 மீட்டர். சூரியன் அப்போது தென்மேற்கில் இருக்கும். ஆகவே நிழல் நேராக வடகிழக்கில் விழும். பில்டர் 'சோலார்' என்று எழுதிய கட்டமும் அங்கேதான் இருந்தது.

ஜூன் 21 நடுப்பகலுக்குக் கணக்குப் போட்டபோது ஓர் ஆச்சரியம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஜூனில் சூரியன் கடக ரேகை வரை, அதாவது 23.4 டிகிரிக்குப் போய்விடுகிறது. நம் தலைக்கு மேலே தாண்டி வடக்கே நிற்கிறது. அதனால் நிழல் தெற்கே விழுகிறது, அதுவும் 90 சென்டிமீட்டர்தான். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் நிழல் தெற்கேதான். ஆக, எங்கள் டேங்க் வருடம் முழுவதும் தொல்லை தருவதில்லை. முக்கியமாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பிற்பகலில்தான்.

சங்கத்தில் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். ஜெர்மனியில் பால்கனிக் கம்பியிலும் சுவரிலும் பேனல் மாட்டியிருக்கிறார்கள், நாமும் தெற்குச் சுவரில் பதித்துவிடலாமே என்றார். பார்க்க அழகுதான். ஆனால் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரம் 48 டிகிரியில் இருக்கிறது. அங்கே டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 19 டிகிரிகூட எழும்பாது, வெயில் சுவரில் நேராகப் படும். இங்கே ஜூன் மாதம் முழுக்கத் தெற்குச் சுவருக்கு நேர் வெயிலே கிடையாது. நமக்கு மொட்டை மாடிதான் சரி.

வரைபடத்தை முப்பரிமாணத்தில் பார்க்க

எண்களைக் காட்டினால் சங்கக் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். படம் வேண்டும். அதற்கு ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தினேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். வீட்டுக்குள் சோபா, கட்டில் வைத்துப் பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டது. ஆனால் இதில் சூரியனும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் பி.டி.எப். பக்கத்தைப் படமாக சேவ் செய்துகொள்ளுங்கள். பிளான் மெனுவில் பின்னணிப் படத்தை இம்போர்ட் செய்யும் வசதி உள்ளது. படம் வந்ததும் ஸ்கேல் கேட்கும். நீளம் தெரிந்த ஒரு சுவரின் மேல் கோடு இழுத்து அதன் நீளத்தை டைப் செய்யுங்கள். பிறகு அதன் மேலேயே கைப்பிடிச் சுவர்களை வரையுங்கள். சுவரின் உயரம் தானாக 250 சென்டிமீட்டர் என்று வரும். அதை டபுள் கிளிக் செய்து 120 என்று மாற்றுங்கள். ஹெட்ரூமையும் டேங்கையும் தனித்தனியாக வரைந்து சிரமப்பட வேண்டாம். பொருள்கள் பட்டியலில் பெட்டி ஒன்று இருக்கும். அதை மவுஸால் இழுத்து வந்து 6 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 5 மீட்டர் என்று அளவு கொடுத்தேன். பேனல்களுக்கும் தட்டையான பெட்டிகள்தான்.

இனிதான் முக்கியமான இடம். வரைபடத்தின் மூலையில் ஒரு திசைகாட்டி தெரியும். அதை டபுள் கிளிக் செய்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம், வடக்கின் கோணம் ஆகியவற்றைக் கேட்கும். சென்னைக்கு 13.08, 80.27. நேர மண்டலத்தில் கொல்கத்தாவைத் தேர்வு செய்யுங்கள். வடக்கின் கோணத்தை மட்டும் பில்டர் போட்ட அம்புக்குறியை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். வரைபடம் பேப்பரில் நேராக உட்கார வேண்டும் என்பதற்காகத் தெருவையே வடக்கு தெற்காகத் திருப்பி வரைவது உண்டு. கூகுள் எர்த்தில் உங்கள் மனையைத் திறந்து ரூலர் கருவியால் தெருவின் மீது ஒரு கோடு இழுங்கள். கோணம் அங்கேயே தெரியும்.

பிறகு 3டி மெனுவில் போட்டோ உருவாக்கும் கட்டளையைத் தேர்வு செய்யுங்கள். தரத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. மேலே உள்ள இரண்டு நிலைகளில்தான் தேதியும் நேரமும் கொடுக்க முடியும். டிசம்பர் 21 என்று கொடுத்து 10, 12, 2, 3, 4 மணிக்கு ஐந்து படங்கள் எடுத்தேன். என் பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காபி குடித்துவிட்டு வர நேரம் இருந்தது. முதலில் சின்ன அளவில் படம் எடுத்துப் பாருங்கள்.

10 மணிக்கும் 12 மணிக்கும் சோலார் கட்டத்தில் வெயில். 2 மணிக்கு மேற்கு ஓரத்துப் பேனல்கள் கறுத்தன. 3 மணிக்கு 14 பேனல்களில் 10 நிழலில். 4 மணிக்கு எல்லாமே.

நான் செய்த தவறு

இந்தப் படங்களைக் கூட்டத்தில் காட்டி, டேங்க்கை வடக்கே மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவுதான். வாஸ்து பார்ப்பவர்கள் ஒரு பக்கம், பார்க்காதவர்கள் ஒரு பக்கம். இருபது வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் யாரும் பில்டருக்குப் பதில் எழுதவில்லை.

மேல் மாடி மாமி ஒருத்தர்தான் என்னிடம் கேட்டார். "டேங்க் அங்கேயே இருக்கட்டுமே. பேனலை வேறு இடத்தில் வைத்தால் ஆகாதா?" உண்மையைச் சொன்னால், அதை நான் கம்ப்யூட்டரில் போட்டே பார்க்கவில்லை. டேங்க்தான் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று இரவே இரண்டு கட்டங்களையும் இடம் மாற்றிப் பார்த்தேன். துணி காயவைக்கும் இடம் ஹெட்ரூமுக்கு வடக்கே, மேற்கு ஓரமாக. பேனல்கள் தென்கிழக்கில். கூடவே பேனல்களைத் தரையில் வைக்காமல் இரண்டரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கினேன். ஹெட்ரூம் 5 மீட்டர் என்றால், உயர்த்திய பேனலுக்கு மேல் அது 2.5 மீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும். நிழலின் நீளமும் பாதியாகிவிடும். டிசம்பர் 21, 3 மணிக்கு ஒரு பேனலிலும் நிழல் இல்லை. 4 மணிக்கு மேற்கு ஓரத்தில் நான்கைந்து பேனல்களைத் தொடுகிறது. அந்த நேரத்தில் உற்பத்தியே குறைவு என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மாமிக்கு வடாம் பிழியும் இடம் போய்விடுமோ என்று கவலை. வடாம் போடுவது ஏப்ரல், மே. அப்போது நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். பிற்பகல் 3 மணிக்கு அது மேற்கே இருக்கும், ஹெட்ரூமின் நிழல் கிழக்கே போகும். வடக்கே இருக்கும் வடாத்துக்கு ஒன்றும் ஆகாது. மே 10 தேதியைப் போட்டுப் படம் எடுத்துக் காட்டினேன். கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

எவ்வளவு யூனிட் கிடைக்கும்?

இதற்கு ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், அமெரிக்காவின் பிவிவாட்ஸ் என்று இரண்டு இலவச இணையதளங்கள் இருக்கின்றன. வரைபடத்தில் ஊரை கிளிக் செய்து, கிலோவாட், சாய்வு, திசை கொடுத்தால் மாதவாரியாக யூனிட் கணக்கைத் தரும். ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. பிவிஜிஐஎஸ்ஸில் தெற்கு என்றால் 0. பிவிவாட்ஸில் தெற்கு என்றால் 180, அங்கே 0 கொடுத்தால் வடக்கு! இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதில் பலர் குழம்புவார்கள். இரண்டுமே உங்கள் ஹெட்ரூமைப் பார்ப்பதில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். திறந்த வெளியில் பேனல் வைத்தால் என்ன வரும் என்றுதான் சொல்லும்.

பிவிஜிஐஎஸ்ஸில் பேனல் தனியாக நிற்கிறதா, கட்டடத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒட்டியிருந்தால் யூனிட் குறையும். காரணம் சூடு. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி வெப்பத்தில் எடுக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரிக்குச் சூடானால் 12 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அடியில் காற்று போக இடம் இருந்தால் நல்லது. உயர்த்தி வைப்பதில் இது இரண்டாவது லாபம்.

சாய்வு 13 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துத் தெற்கே பார்க்கவிட்டால் போதும். 10 டிகிரி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரொம்பத் தட்டையாக வைத்தால் மழைநீர் தேங்கி அழுக்குப் படியும்.

பில்டரிடம் எழுதி வாங்க வேண்டியவை

பழைய கட்டடத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்ட வந்தவர்கள் மாடித் தரையில் டிரில் போட்டு போல்ட் இறக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கே கீழ் வீட்டுப் படுக்கையறையில் ஈரம். மூன்று தடவை பூசியும் நிற்கவில்லை. இந்த முறை அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத் தூண்கள் நிற்கும் இடங்களில் சிறு கான்கிரீட் பீடங்களை, போல்ட்டோடு சேர்த்து, மாடித் தளம் போடும்போதே வார்க்கச் சொன்னோம். தண்ணீர் இறங்காத பூச்சும் தட்டோடும் அதற்குப் பிறகுதான். பீடங்கள் கட்டடத்தின் தூண், பீம்களுக்கு நேர் மேலே வர வேண்டும். பேனல்களின் எடை 400 கிலோவுக்குள்தான். காற்றுதான் பிரச்சினை. 2016 டிசம்பரில் வர்தா புயல் என்ன செய்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டட விதிகளில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இரண்டரை மீட்டர் உயரத்தில் நிற்கும் பேனல்களைக் காற்று அடியிலிருந்து தூக்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து இல்லாமல் வெல்டிங்காரர் சொல்வதை வைத்து ஏற்றாதீர்கள்.

அடுத்தது ஒயர். மாடியிலிருந்து கீழே மீட்டர் ரூம் வரை தனி பைப் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் கட்டடத்தின் முகத்தில் கறுப்பு ஒயர் தொங்கும். எர்த்திங் குழிகளுக்கும் இடி தாங்கிக்கும் இப்போதே இடம் குறித்துவிடுங்கள். பேனல் கழுவ மாடியில் ஒரு குழாயும், நடக்க வழியும் வேண்டும். இன்வெர்ட்டரில் இரண்டு தனித்தனி இன்புட் இருப்பதாகப் பார்த்து, மேற்கில் ஏழு, கிழக்கில் ஏழு என்று இரண்டு வரிசையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு நிழல் மேற்கிலிருந்து வருகிறது. அது முதலில் ஒரு வரிசையை மட்டும் பாதிக்கும், மற்றது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே பலருக்கு ஏமாற்றம் தரும் ஒரு செய்தி. பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு இணைக்கும் சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காப்பதற்காக இன்வெர்ட்டர் அப்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. நல்ல வெயில் அடித்தாலும் லிப்ட் ஓடாது. லிப்ட்டுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். எங்கள் 7.56 கிலோவாட்டுக்குச் சுமார் 1,36,000 ரூபாய் வரும். செல், பேனல் இரண்டும் இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம். திட்டம் 2026-27 நிதியாண்டு வரை என்பதால் கட்டி முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு வாங்கும் லோடை விட அதிகக் கிலோவாட் போட முடியாது என்பதால், இ.பி.யில் விண்ணப்பிக்கும்போதே பொது மீட்டருக்கு எத்தனை கிலோவாட் என்பதையும் பில்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் திருத்திய வரைபடம் வந்தது. இரண்டு கட்டங்களும் இடம் மாறியிருக்கின்றன. பீடங்கள் ஆறும் பீம்களுக்கு மேல் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. டேங்க் தென்மேற்கிலேயே இருக்கிறது. மீட்டர் ரூமுக்கு இறங்கும் பைப்பை மட்டும் ஒரு இன்ச் என்று போட்டிருக்கிறார்கள். அதை இரண்டு இன்ச்சாக மாற்றித் தரச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறேன்.